கூடம் கோணல்தான்!

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்." ஒருவர் வாயை அடைக்கத் தமிழில் இதைவிட வசதியான பழமொழி கிடையாது. வேலை ஏன் கெட்டது என்று சொல்ல வாயைத் திறந்தாலே போதும், எதிரில் இருப்பவர் இதை எடுத்து வீசிவிடுவார். அப்புறம் பேச என்ன இருக்கிறது? ஆனால் இந்தப் பழமொழியைச் சொன்னவர்களில் யாராவது ஒருவர், ஒரே ஒரு தடவையாவது, மூலைமட்டத்தை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கூடத்தை அளந்து பார்த்திருக்கிறாரா?

ஆவடி மாநகராட்சிக்குள் இருக்கும் சேக்காடு, அதை ஒட்டிப் பட்டாபிராம், அந்தப் பக்கம் அண்ணனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர்... எங்கே போனாலும் ஏதாவது ஒரு தெருவில் ஜன்னலோரம் தையல் மெஷின் சத்தம் கேட்கும். சிலர் அக்கம்பக்கத்தாருக்கு ஜாக்கெட் தைப்பவர்கள். சிலர் கான்ட்ராக்டரிடம் கட்டுக்கட்டாகத் துணி வாங்கி வந்து பீஸ் ரேட்டுக்குத் தைத்துக் கொடுப்பவர்கள். இந்தக் கட்டுரை இரண்டாவது வகையினரைப் பற்றியது. அதிலும் பஞ்சு வைத்துத் தைக்கும் வேலை, அதாவது குவில்ட்டிங், கையில் வந்து சேர்ந்தவர்களைப் பற்றியது.

குவில்ட்டிங் என்றதும் ஏதோ குளிர்நாட்டுச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சு. மூன்றும் நகராமல் இருக்கக் குறுக்கும் நெடுக்கும் தையல். அவ்வளவுதான். குழந்தைக்கு விரிக்கும் குட்டி மெத்தை, மெத்தை உறை, பஞ்சு வைத்த பை, ரஜாய் எல்லாமே இந்தக் குடும்பம். பாட்டி பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டு வைத்திருந்த விரிப்பு இருக்கிறதே, அது இந்தக் குடும்பத்துக்குப் பெரியக்கா.

பாட்டி கையால் தைத்தாள், நூல் அறுந்ததாகப் புகார் இல்லை. அதையே மெஷினில் ஏற்றினால்தான் வினை. நாலு அங்குலம் தைப்பதற்குள் டப்பென்று அறுகிறது. கோர்த்துத் தைத்தால் மறுபடியும் அறுகிறது. சாதாரணத் துணி என்றால் அறுந்த இடத்திலிருந்து தொடர்ந்துவிடலாம். மெத்தை விரிப்பின் மேல்பக்கத்தில் அப்படிச் செய்தால் முடிச்சு பல்லை இளித்துக்கொண்டு தெரியும். எனவே கொஞ்சம் பின்னால் வரை பிரிக்க வேண்டும், மேல் நூலைக் கோர்க்க வேண்டும், அடிநூலை இழுத்து எடுக்க வேண்டும், பழைய தையலின் மேலேயே ஏற்றித் தைத்துத் தொடர வேண்டும். ஒரு கணக்குக்கு, ஒரு தடவைக்கு 2 நிமிடம் என்று வையுங்கள். ஒரு நாளில் 30 தடவை அறுந்தால் 1 மணி நேரம் போச்சு. மாதச் சம்பளக்காரருக்கு அது எரிச்சல். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு அது சம்பளம். அந்த ஒரு மணி நேரத்துக்கு யாரும் ஒரு பைசா தரமாட்டார்கள். போதாக்குறைக்குப் பிரித்த ஓட்டைகள் தெரிகிற பீஸ் 'ரிஜெக்ட்' ஆகித் திரும்பி வரும். அதற்கும் பிடித்தம்.

சரக்கைக் கொண்டுபோய் இறக்கும்போது நடக்கும் உரையாடல் எல்லோருக்கும் மனப்பாடம்.

"நூல் சரியில்லைண்ணே, அறுந்துக்கிட்டே இருக்கு."

"இதே நூல்தாம்மா எல்லாருக்கும் குடுத்திருக்கேன். வேற யாருக்கும் அறுந்து போகலையே, உனக்கு மட்டும் எப்படி?"

பின்னாலேயே பழமொழி வரும். இல்லாவிட்டால் 'கைராசி' வரும். கைராசி என்று ஒன்று இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இரும்பு ஊசிக்குக் கைராசி பார்க்கத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் உராய்வு, இழுவிசை, சூடு, இந்த மூன்றுதான். (மெக்கானிக்கல் படிக்கிற மக்கள் இங்கே கொஞ்சம் நிமிர்ந்து உட்காரவும். உங்கள் பாடம்தான்.)

மெஷினுக்குள் மேல் நூலுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு தையலின் நீளம் சுமார் 3 மி.மீ. ஆனால் அந்த ஒரு தையலைப் போட, கீழே இருக்கும் பாபினை முழுசாகச் சுற்றி வரும் அளவுக்கு நூல் ஊசியின் காது வழியாகக் கீழே போக வேண்டும். மேலே ஏறி இறங்கும் லீவர் மிச்சத்தைத் திரும்பவும் மேலே இழுத்துக்கொள்ளும். துணியில் தங்குவது சில மி.மீ. மட்டுமே. மீதியெல்லாம் திரும்ப மேலே வந்து, அடுத்த தையலுக்கு மறுபடியும் கீழே போகும். ஆகவே நூலின் ஒவ்வொரு இடமும் துணியில் போய் உட்காருவதற்குள் அதே ஊசிக்காதில் பல பத்துத் தடவை மேலும் கீழுமாக உரசிவிடுகிறது. கிணற்றுக் கயிறு உருளையில் தேய்கிற மாதிரிதான், வேகம்தான் பயங்கரம். ஊசிக்காதில் தலைமுடி அளவுக்கு ஒரு பிசிறு இருந்தாலும் அது ரம்பம்.

குவில்ட்டிங்கில் இந்தக் கொடுமை இரட்டிப்பு. மூன்று அடுக்கைத் துளைத்து இறங்கும் ஊசியை நாலு பக்கமும் பஞ்சு நெருக்குகிறது. ஊசியின் ஒரு பக்கத்தில் மேலிருந்து காது வரைக்கும் ஒரு நீளமான பள்ளம் ஓடும், கவனித்திருக்கிறீர்களா? ஊசி துணிக்குள் இறங்கும்போது நூல் ஒளிந்துகொள்வதற்கான வாய்க்கால் அது. நூல் தடிமனாகவும் ஊசி சன்னமாகவும் இருந்தால் நூல் அந்தப் பள்ளத்துக்குள் அடங்காது. வெளியே துருத்திக்கொண்டு துணியோடு உரசும். இழை இழையாகப் பிரியும். பிறகு அறும். மெல்லிய துணிக்கு 11 அல்லது 14ஆம் நம்பர் ஊசி போட்டுப் பழகியவர், அதே ஊசியோடு பஞ்சு மெத்தைக்குப் போனால் இதுதான் கதை. 16, தேவைப்பட்டால் 18 போட வேண்டிய வேலை அது. கடையில் ஒரு ஊசியின் விலை ஒரு டீயின் விலைக்குக் கீழே. துணிக்கட்டோடு நூல் கோனைக் கொடுக்கிற கான்ட்ராக்டர் எத்தனை பேர் அதனுடன் ஊசியும் கொடுக்கிறார்கள்? குறைந்தபட்சம் 'இந்த வேலைக்கு இந்த நம்பர் ஊசி' என்று ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வைக்கிறார்களா?

இன்னொன்று. ஊசி உடைந்தால்தான் மாற்ற வேண்டும் என்பது நம்மூர் நம்பிக்கை. எட்டு மணி நேரத் தையலுக்கு ஒரு ஊசி என்பது தையல் உலகத்தின் பொதுவான சிபாரிசு. பஞ்சு வேலையில் அதற்கு முன்பே முனை மழுங்கும். மழுங்கிய ஊசி 'டொப் டொப்' என்று சத்தம் போட்டுச் சொல்லத்தான் செய்கிறது, கேட்பாரில்லை.

அடுத்து நூல். வெளியிலிருந்து பார்த்தால் எல்லா வெள்ளைக் கோனும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரு முழம் இழுத்து வெளிச்சத்தில் பிடித்தால் சாயம் வெளுக்கும். மட்டமான நூலில் ஓரிடம் தடிப்பு, ஓரிடம் மெலிவு, நடுநடுவே முடிச்சு. மெலிவில் அறுகிறது, தடிப்பில் சிக்குகிறது. முறுக்கிலும் விஷயம் இருக்கிறது. தையல் மெஷினுக்கான நூல் கடைசியாக எந்தத் திசையில் முறுக்கப்பட வேண்டும் என்பதற்கு ஒழுங்கு உண்டு. எதிர்த்திசை முறுக்கு என்றால் மெஷின் ஓட ஓட நூலே பிரிந்துகொண்டு வரும். பளபளப்புக்காக எம்பிராய்டரிக்கான ரேயான் நூலைப் போட்டு மெத்தை தைக்கச் சொல்வதும் உண்டு. அழகுக்குப் போடுகிற நூல் பாரம் சுமக்காது. கடை ஷோகேஸில் வருஷக்கணக்காக வெயில் பட்டுக் கிடந்து பாதி விலைக்கு வந்த பருத்தி நூலைப் பற்றி என்ன சொல்ல? கையால் இழுத்தாலே தெரியும்.

சரி, அறுந்த நூலே சாட்சி சொல்லும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அறுந்த முனையை எடுத்துப் பாருங்கள். பஞ்சு பஞ்சாகப் பிரிந்து, பூனைவால் மாதிரி இருந்தால் உரசல். அதாவது தப்பான ஊசி, பழைய ஊசி, எங்கோ ஒரு பிசிறு. கத்தரித்தது போல வெடுக்கென்று அறுந்திருந்தால் இழுப்பு அதிகம். டென்ஷன் இறுகியிருக்கும், அல்லது நூல் எங்கேயாவது மாட்டிக்கொண்டிருக்கும். முனையில் குட்டியாக ஒரு உருண்டை திரண்டிருந்தால் அது சூடு. இது வீட்டு மெஷினில் அபூர்வம். நிமிடத்துக்கு 4000, 5000 தையல் போடும் ஃபேக்டரி மெஷினில் ஊசியின் சூடு 200 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். பாலியஸ்டர் உருகுவது சுமார் 260 டிகிரியில். துணி கனமாகக் கனமாக ஊசி இன்னும் காயும். இப்படி மூன்று விதச் சாட்சி கையிலேயே இருக்கும்போது அதைக் குப்பையில் போட்டுவிட்டு, தைத்தவளின் முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

இங்கே தைப்பவர்கள் பக்கத்திலும் ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நூல் அறுந்ததும் எல்லோர் கையும் தானாகப் போவது டென்ஷன் ஸ்குரூவுக்கு. நோய் என்னவாக இருந்தாலும் ஒரே மாத்திரை கொடுக்கிற கம்பவுண்டர் மாதிரி. அறுந்தால் தளர்த்து, தையல் தொளதொளத்தால் இறுக்கு, மறுபடி அறுந்தால் மறுபடி தளர்த்து. சாயங்காலத்துக்குள் அந்த ஸ்குரூ முதலில் எங்கே இருந்தது என்று பிரம்மாவுக்கும் தெரியாது. ஸ்குரூவைத் தொடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. நூலை முழுசாக உருவிவிட்டு, பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, முதலிலிருந்து கோர்த்தாலே பாதிக் கேஸ் தீரும். பாதம் கீழே இருந்தால் டென்ஷன் தட்டுகள் இறுக மூடிக்கொண்டிருக்கும், நூல் உள்ளே போய் உட்காராமல் விளிம்பிலேயே தொங்கும். லீவரின் ஓட்டையில் நூல் கோர்க்கப்படாமல் விட்டுப்போயிருந்தால் சில தையலிலேயே சிக்கி அறுந்துவிடும். ஊசியைத் திருப்பி மாட்டியிருந்தாலும் அப்படித்தான். அந்த நீளப் பள்ளம் நூல் நுழைகிற பக்கம் பார்த்திருக்க வேண்டும். மெஷினுக்கு மெஷின் திசை மாறும், இந்த விதி மாறாது.

இதெல்லாம் சரியாக இருந்தும் அறுகிறதா? ஊசி எப்போதோ தட்டில் இடித்து ஒரு கீறல் போட்டிருக்கும். ஊசி இறங்கும் ஓட்டையைச் சுற்றியும் ஷட்டிலின் முனையிலும் ஒரு துளி பஞ்சால் தடவுங்கள். பஞ்சு சிக்கிய இடம் குற்றவாளி. சன்னமான எமெரித் தாளை வைத்து நாலு தேய்ப்புத் தேய்த்தால் போதும். அப்படியே பாபின் கேஸையும் கழற்றிப் பாருங்கள். குவில்ட்டிங் பஞ்சு அங்கேதான் குடித்தனம் நடத்தும். தூசியைத் தட்டிவிட்டு, பாபினின் நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிட்டு லேசாகக் குலுக்கினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். சரசரவென்று தரைக்கு வந்தால் தளர்ச்சி, அசையவே அசையாவிட்டால் இறுக்கம்.

(மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் புண்ணியவான்களுக்கு ஒரு வார்த்தை. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழி விடியற்காலையில் சேக்காட்டு வீட்டிலும் உறையும். உறையாத மாதங்களில் பிசுபிசுத்துப் பஞ்சையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளும். தலைக்குத் தடவுங்கள், மெஷினுக்கு மெஷின் ஆயில்.)

இப்போது கான்ட்ராக்டரின் அந்தப் பிரம்மாஸ்திரத்துக்கு வருவோம். 'இதே நூல்தானே எல்லாருக்கும், உனக்கு மட்டும் எப்படி?' கேட்க நியாயம் போலவே இருக்கிறது. முதல் பதில், எல்லோருக்கும் அறுகிறது, எல்லோரும் சொல்வதில்லை. அடுத்த கட்டு கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் பாதிப் பேர் வாயைத் திறப்பதில்லை. இரண்டாவது, நூல் ஒன்றாக இருக்கலாம், மெஷின் ஒன்றா? ஒருத்தியிடம் இருப்பது போன வருஷம் வாங்கிய பவர் மெஷின். இன்னொருத்தியிடம் இருப்பது மாமியாரின் கால்மிதி மெஷின். நல்ல நூல் இரண்டிலும் ஓடும். மட்டமான நூல் புது மெஷினில் மட்டும் எப்படியோ ஓடிவிடும். பழைய மெஷின் பொறுத்துக்கொள்ளாத ஒரு நூலை வாங்கிவிட்டுப் பழைய மெஷின்காரியிடம் அபராதம் வாங்குவது எந்த ஊர் கணக்கு? கோனில் சில ரூபாய் மிச்சம் பிடித்தது யார், அதன் நஷ்டத்தைச் சுமப்பது யார் என்று பார்த்தால் விஷயம் பளிச்சென்று விளங்கிவிடும்.

கையின் தப்பே கிடையாதா என்றால், உண்டு. துணியை நகர்த்தும் பற்களை இறக்கிவிட்டுக் கையாலேயே துணியை நகர்த்திப் பூவும் கொடியுமாகத் தைக்கும் வேலையில், ஊசி உள்ளே இருக்கும்போதே துணியை வெடுக்கென்று இழுத்தால் ஊசி வளையும், நூல் அறும். பாதத்தை இறக்க மறந்தால் கீழே குருவிக்கூடு கட்டும். இவை கையின் தப்பு, கற்றுக்கொடுத்தால் ஒரு வாரத்தில் போகும் தப்பு. ஊசி, நூல், நூல் போகும் பாதை, தட்டு, பாபின் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டுக் கடைசியில் கையிடம் வாருங்கள், மறுப்பில்லை. முதலிலேயே கையிடம் வருவதுதான் அநியாயம்.

கற்றுக்கொடுத்தால் என்றதும் நம் பயிற்சி வகுப்புகள் நினைவுக்கு வருகின்றன. ஆறு மாதம் படித்தால் பிளவுஸ், சுடிதார், ஃபிராக் வெட்டத் தெரியும். ஊசியில் ஏன் பள்ளம் இருக்கிறது என்று தெரியாது. தமிழக அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரத் திட்டம் நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள் என்று வேறு பிடிமானம் இல்லாதவர்கள் கைக்கு ஒரு தொழில் போய்ச் சேருகிறது. தைக்கத் தெரியும் என்பதற்குச் சான்று கேட்கிறார்கள், அதுவும் சரி. மெஷினோடு நாலு நம்பர் ஊசியும், நூல் அறுந்தால் எதை முதலில் பார்ப்பது என்று ஒரு பக்கம் தமிழில் அச்சடித்த தாளும் சேர்த்துக் கொடுத்தால் அரசாங்கம் ஏழையாகிவிடாது.

இத்தனைக்கும் இது ஆவடி! 1955இல் சோஷலிச பாணிச் சமுதாயம் வேண்டும் என்று காங்கிரஸ் மாநாடு தீர்மானம் போட்ட ஊர். ராணுவத்துக்கு டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கும் ஊர். சீருடை தைக்கும் படைத்துறை உடைத் தொழிற்சாலை 1961லிருந்து இயங்கும் ஊர் (2021 அக்டோபர் முதல் அது ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட் என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இருக்கிறது). டாங்கியில் ஒரு பாகம் உடைந்தால் ஃபிட்டரின் கைராசி சரியில்லை என்று யாராவது ஃபைலில் எழுதுவார்களா? உடைந்த பாகத்தை எடுத்து, உலோகம் சரியா, அளவு சரியா, எண்ணெய் போனதா என்று வரிசையாகப் பார்ப்பார்கள். சிப்பாயின் சட்டைக்கு இன்ன நூல்தான் என்று காகிதத்தில் இருக்கும். அந்த மதில் சுவருக்கு வெளியே நாலு தெரு தள்ளி, அதே நூல், அதே ஊசி, அதே தையல். இங்கே மட்டும் ஆராய்ச்சி கிடையாது, நேராகத் தண்டனை.

சட்டம் என்ன சொல்கிறது? 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில், நஷ்டத்துக்காகக் கூலியில் பிடிக்க வேண்டுமானால் அந்த நஷ்டம் தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்ததாக இருக்க வேண்டும், பிடிப்பதற்கு முன் விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே கொள்கைதான். துணியை வீட்டுக்கு வாங்கிப்போய்த் தைத்துக் கொடுப்பவரையும் 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தொழிலாளி என்றே எண்ணியது. அதாவது 'நூல் சரியில்லைண்ணே' என்பது சாக்கு அல்ல, விளக்கம். அதைக் கேட்டுக்கொள்ள வேண்டியது எதிரில் இருப்பவரின் கடமை. காகிதத்தில் அப்படித்தான், நடைமுறையில் எந்தக் கான்ட்ராக்டர் கேட்டிருக்கிறார் என்பது வேறு விஷயம்.

நூலுக்கும் கூலிக்குமான சண்டை தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. தூத்துக்குடி கோரல் மில் நூற்பாலைத் தொழிலாளர்கள் 1908இல் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலை நிறுத்தம் செய்தபோது வ.உ.சி. கூட நின்றார், நிர்வாகம் இறங்கி வந்தது. அவர்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சேக்காட்டில் தைப்பவர்கள் தெருவுக்கு ஒருவராக, ஜன்னலுக்கு ஒருவராக இருக்கிறார்கள். பக்கத்துத் தெருவிலும் அதே கோன் அறுகிறது என்பது ஒருவருக்கொருவர் தெரியாது. 'உனக்கு மட்டும்' என்ற வார்த்தை எடுபடுவதே இதனால்தான். நாலு பேர் அறுந்த முனைகளை ஒரு தீப்பெட்டியில் போட்டு, தேதி எழுதிக் கொண்டுபோனால் அந்த வார்த்தை எடுபடாது.

கட்டு வாங்கும் இடத்திலேயே செய்யக்கூடிய ஒரு வேலையும் உண்டு, அரை நிமிடம்தான் ஆகும். போடப்போகும் ஊசி ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். கோனிலிருந்து ஒரு முழம் நூலை இழுத்து, அந்த ஊசியில் கோர்த்து, நூலை இரண்டு கையாலும் சாய்வாக, விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, ஊசியை மேல் முனையிலிருந்து விடுங்கள். நூலும் ஊசியும் பொருத்தமானால் ஊசி தன்பாட்டில் வழுக்கிக் கீழே வரும். பாதியில் நின்றால் இன்னும் ஒரு நம்பர் பெரிய ஊசியில் கோர்த்துப் பாருங்கள். அதிலும் தடிப்புக்குத் தடிப்பு நின்று நின்று வந்தால், கான்ட்ராக்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோனை மேஜை மேல் வைத்துவிட்டு வேறு கோன் கேளுங்கள்.